ராப் ஆல்பம் தேதி: எப்போது நம்பலாம், எப்போது பொறுக்கலாம்

சொன்ன தேதியில் வந்த ஆல்பம், சொல்லியும் வராத ஆல்பம், வந்த பிறகும் மாறிக்கொண்டே இருந்த ஆல்பம் என்று மூன்று வகையும் நாம் பார்த்தாயிற்று. இந்த இழையில் ஒவ்வொருவரும் தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று விவரமாக எழுதுங்கள். "வெறித்தனம் ப்ரோ" மட்டும் போதாது. அடுத்த ஆல்பத்துக்குக் காத்திருக்கிறவருக்கு அது கைகொடுக்க வேண்டும்.

நேரக் கணக்கில் நான் தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான். 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புது ஆல்பத்துக்கு வெள்ளிக்கிழமை என்று இசைத்துறை முடிவு செய்தது. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள். பெரிய அமெரிக்க ராப் ஆல்பங்கள் பெரும்பாலும் நியூயார்க் நள்ளிரவை வைத்து எல்லா நாட்டிலும் ஒரே நேரத்தில் திறக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அங்கே கோடைநேரம். அந்த மாதங்களில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வெள்ளி காலை 9.30. மற்ற மாதங்களில் 10.30. சிங்கப்பூர், கோலாலம்பூரில் பகல் 12 அல்லது 1. லண்டனில் விடிகாலை 5. டொராண்டோவில் நள்ளிரவேதான்.

சில ஆல்பங்கள் அந்தந்த ஊர் நள்ளிரவுக்குத் திறக்கும். அப்போது நியூசிலாந்துக்காரர்கள் நமக்கு முந்திக் கேட்டுவிடுவார்கள். நம் கணக்கில் அது வியாழன் மாலை 4.30 அல்லது 5.30. அந்த நேரத்தில் பாட்டு வரிகள் வலைத்தளங்களில் பரவ ஆரம்பித்தால் "லீக் ஆயிடுச்சு" என்று பதற வேண்டாம். பல முறை அது லீக்கே இல்லை, நியூசிலாந்தில் வெள்ளி பிறந்துவிட்டது, அவ்வளவுதான்.

விதிவிலக்குகளும் உண்டு. டைலர் தி க்ரியேட்டரின் 'க்ரோமகோபியா' 2024 அக்டோபர் 28, திங்கட்கிழமை, நியூயார்க் காலை 6 மணிக்கு வந்தது. நமக்குப் பிற்பகல் 3.30. கென்ட்ரிக் லமாரின் 'ஜிஎன்எக்ஸ்' 2024 நவம்பர் 22 அன்று எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அங்கே நண்பகல் வாக்கில் இறங்கியது; நமக்கு இரவு பத்தரை. பிளேபாய் கார்ட்டியின் 'மியூசிக்' 2025 மார்ச் 14 நள்ளிரவு என்று சொல்லி, சில மணி நேரம் தாமதமாகத்தான் திறந்தது. அன்று காலை 9.30-க்குத் திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தவர்கள் செயலியில் கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி நிறுவினார்கள். அது தேவையில்லை. ஆல்பம் கடைக்கு வரவில்லை என்றால் நம் போனில் என்ன செய்தாலும் வராது.

* * *

இழையைத் தொடங்கிய அண்ணா சொன்ன வெள்ளிக்கிழமைக்குக் காரணம் ஒரு வரியில்: அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலின் வாரக்கணக்கு வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடிகிறது. திங்களன்று வெளியிட்டால் மூன்று நாள் விற்பனை போச்சு. டைலர் அந்த மூன்று நாளை விட்டுக்கொடுத்தும் முதலிடம் பிடித்தார்.

ஆல்பம் ஏன் 25, 30 பாட்டாக வீங்குகிறது என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே விடை இருக்கிறது. 2018-இல் பில்போர்டு வகுத்து 2025 வரை வைத்திருந்த கணக்குப்படி சந்தாதாரர் கேட்பது 1,250 முறையானால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக இருந்தது. விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பது என்றால் 3,750 முறை. 12 பாட்டு உள்ள ஆல்பத்தை ஒருவர் முழுக்கக் கேட்டால் 12 எண்ணிக்கை, 30 பாட்டு உள்ளதைக் கேட்டால் 30. கார்ட்டியின் 'மியூசிக்' 30 பாட்டோடு வந்தது தற்செயல் இல்லை. அதே 2018 ஆகஸ்டில் டிராவிஸ் ஸ்காட்டின் 'ஆஸ்ட்ரோவேர்ல்டு', நிக்கி மினாஜின் 'குயின்' மோதலில் சட்டை, தொப்பியோடு ஆல்பத்தைக் கட்டி விற்கும் வழக்கம் பெரிய சண்டையானது. 2020 ஜூலையில் அந்த விதியையே பில்போர்டு மாற்றியது.

* * *

தேதி உண்மையா என்று பார்க்கும் வேலைக்கு வருகிறேன்.

ரொம்பப் பேர் கலைஞர் மேடையில் சொன்னதை நம்புகிறார்கள். அது இருப்பதிலேயே பலவீனமான சான்று. கான்யே வெஸ்ட் 'டோண்டா'வை 2021 ஜூலை 22 அன்று அட்லாண்டா ஸ்டேடியம் நிறைந்த கூட்டத்துக்குப் போட்டுக் காட்டினார். மறுநாள் வர வேண்டியது வரவில்லை. ஆகஸ்ட் 5 அன்று அதே ஸ்டேடியத்தில் இரண்டாவது முறை, 26 அன்று சிகாகோவில் மூன்றாவது முறை. கடைசியில் ஆகஸ்ட் 29, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஒவ்வொரு முறையும் பாட்டுகளின் அமைப்பே வேறு. ஸ்டேடியத்தில் ஒலிபெருக்கியில் ஓட்ட முடிந்தது என்பதாலேயே மாஸ்டரிங், அதாவது இறுதி ஒலிச்செம்மை, முடிந்துவிட்டது என்று ஆகாது.

முன்பதிவுப் பக்கம் அதைவிட மேல், ஆனால் அதையும் படிக்கத் தெரிய வேண்டும். ஆப்பிள் மியூசிக்கில் பாட்டுகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் நீளம், ஓரிரு பாட்டுகளின் முழுப் பெயர் இருந்தால் கோப்புகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வெறும் 'டிராக் 1, டிராக் 2' என்று நிரப்பி, தேதி டிசம்பர் 31 என்று இருந்தால் அது இடம்பிடித்து வைத்த துண்டு. கணினியில் ஏதாவது ஒரு தேதி போட்டாக வேண்டுமே என்று போட்டது.

இருப்பதிலேயே உறுதியான சான்று வினைல், அதாவது ரெக்கார்டு தட்டு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரு ரெக்கார்டு உருவாக வேண்டுமென்றால் மாஸ்டர் கோப்பு கையில் இருக்க வேண்டும். அதை அரக்குத் தட்டில் வரியாக வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் கட்டி எதிரச்சு எடுப்பார்கள். அந்த எதிரச்சிலிருந்துதான் அழுத்தும் அச்சு வரும். பிறகு சோதனைப் பிரதி சில எடுத்து, கலைஞர் தரப்பு கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே முழு அச்சு. இதற்கெல்லாம் வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும். ஆகவே இணையத்தில் வரும் அதே வெள்ளியன்று ரெக்கார்டும் கடையில் கிடைக்கும் என்று அறிவித்தால், அந்த ஆல்பம் பல மாதம் முன்பே பூட்டப்பட்டுவிட்டது என்று பொருள். அந்தத் தேதியை நம்பலாம். ரெக்கார்டு நான்கு மாதம் கழித்து என்றால் மிக்ஸிங் மேசையில் இன்னும் வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

சுயாதீனக் கலைஞர்களுக்கு இந்தச் சான்று பொருந்தாது. அவர்களிடம் ரெக்கார்டு அச்சிடப் பணம் இருக்காது. அவர்களுக்கு வேறு கணக்கு: ஸ்பாட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்க வேண்டுமானால் வெளியீட்டுக்கு 7 நாள் முன்பாவது ஆல்பம் கணினியில் ஏறியிருக்க வேண்டும். பின்தொடர்பவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் 'ரிலீஸ் ரேடார்' பட்டியலில் தாம் தேர்ந்த பாட்டு வருவதற்கும் அதே கெடுதான். அதனால் விவரம் தெரிந்த சுயாதீனக் கலைஞர் மூன்று, நான்கு வாரம் முன்பே கோப்பைக் கொடுத்துவிடுவார். வியாழக்கிழமை ராத்திரி "இன்னும் மிக்ஸ் பண்ணிட்டு இருக்கோம்" என்று ஸ்டோரி போட்டால் ஆல்பம் வெள்ளியன்று வராது.

* * *

மேலே வினைல் பற்றி எழுதியவருக்கு நன்றி. வாங்குகிறவர்களுக்கு மூன்று விஷயம் சேர்க்கிறேன். 12 அங்குல ரெக்கார்டு 33⅓ வேகத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம்தான் நன்றாகத் தாங்கும். அதற்கு மேல் திணித்தால் வரிகள் நெருங்கி, சத்தமும் பேஸும் குறையும். 70 நிமிட ராப் ஆல்பத்தை ஒரே தட்டில் போட்டு விற்றால் வாங்காதீர்கள், இரண்டு தட்டு இருக்க வேண்டும். அடுத்தது, ரெக்கார்டோடு சட்டையும் ஒரே ஆர்டரில் போடாதீர்கள்; பல கடைகளில் கடைசிப் பொருள் தயாரான பிறகுதான் மொத்தத்தையும் அனுப்புவார்கள். மூன்றாவது, வெயில் காலத்தில் பார்சல் வந்தால் கொஞ்ச நேரம் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிட்டு, பிறகு எடுத்து நிற்கவைத்து அடுக்குங்கள். ஏப்ரல், மே வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டாலே தட்டு வளைந்துவிடும்.

* * *

சாம்பிள் அனுமதி பற்றி யாரும் எழுதவில்லையே? ராப் ஆல்பம் தள்ளிப்போக அதைப்போல் அடிக்கடி வரும் காரணம் வேறில்லை.

ஒரு பழைய பாட்டிலிருந்து நான்கு நொடி எடுத்தாலும் இரண்டு பேரிடம் கையெழுத்து வேண்டும். பதிவின் உரிமையாளர் ஒருவர். அது பெரும்பாலும் லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம். பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் உரிமையாளர் இன்னொருவர். "சாம்பிள் கிடைக்கல, நாங்களே மறுபடி வாசிச்சுட்டோம்" என்பதை நிறைய பேர் தப்பிக்கும் வழி என்று நினைக்கிறார்கள். வாசித்தால் முதல் கையெழுத்து மட்டும்தான் தேவைப்படாது. மெட்டு உங்களுடையது ஆகிவிடாது.

நிக்கி மினாஜின் 'சாரி' இதற்கு நேரடி உதாரணம். அது ட்ரேசி சாப்மனின் 'பேபி கேன் ஐ ஹோல்டு யூ' பாட்டின் மேல் கட்டப்பட்டது. சாப்மன் அனுமதி தரவில்லை. 'குயின்' 2018 ஜூனிலிருந்து ஆகஸ்ட் 10-க்குத் தள்ளிப் போய், 'சாரி' இல்லாமலேயே வந்தது. மறுநாளே நியூயார்க் ரேடியோவில் அந்தப் பாட்டு ஒலித்தது, வழக்கு வந்தது. ஸ்டுடியோவுக்குள் முயன்று பார்ப்பது தவறில்லை என்று 2020-இல் நீதிபதி சொன்னார். வெளியே போனதுதான் சிக்கல். 2021 ஜனவரியில் 4,50,000 டாலருக்கு முடிந்தது. அனுமதிக்கு முன் பாட்டைச் செய்து பார்க்கலாம், வெளியே விடக்கூடாது என்பதற்கு ஸ்டுடியோக்காரர்கள் இன்றும் இந்த வழக்கைத்தான் காட்டுகிறார்கள்.

டி லா சோல் குழுவின் கதை இன்னும் கனமானது. 1989-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் முழுக்க சாம்பிளால் நெய்தது. அன்றைய ஒப்பந்தங்கள் ரெக்கார்டு, கேசட் காலத்து வார்த்தைகளில் எழுதியவை; இணையத்தில் ஒலிபரப்புவது அவற்றுக்குள் அடங்குமா என்று தெளிவில்லை. அதனால் ஒவ்வொரு சாம்பிளையும் மறுபடி பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. இணையத்துக்கு அவர்களுடைய பழைய ஆல்பங்கள் வந்தது 2023 மார்ச் 3 அன்று. குழுவின் டேவ், அதாவது ட்ரூகாய், பிப்ரவரி 12 அன்று காலமாகிவிட்டார். பத்தொன்பது நாள் இருந்திருந்தால் பார்த்திருப்பார். "சாம்பிள் கிளியரன்ஸ்" என்று அறிவிப்பில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு நாம் எரிச்சலாகத் திட்டும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

* * *

சாம்பிள் மட்டுமில்லை, கூடப் பாடுகிறவரின் வெர்ஸுக்கும், அதாவது அவர் பாடும் பகுதிக்கும், அனுமதி வேண்டும் தோழர். விருந்தினராக வரும் ராப்பரின் லேபிளும் சம்மதிக்க வேண்டும், வெளியிடும் லேபிளும் சம்மதிக்க வேண்டும்.

க்ளிப்ஸ் சகோதரர்களின் 'லெட் காட் சார்ட் எம் அவுட்' தள்ளிப்போனது அப்படித்தான். அதில் ஒரு பாட்டில் கென்ட்ரிக் லமாரின் வெர்ஸ் இருந்தது. அதைத் திருத்தவோ எடுக்கவோ அவர்களின் லேபிளான டெஃப் ஜாம் கேட்டது என்று சகோதரர்களில் ஒருவரான புஷா டி வெளிப்படையாகவே சொன்னார். வெர்ஸை விட மாட்டோம் என்று ஒப்பந்தத்திலிருந்து விலகி, ஆல்பத்தை ராக் நேஷனுக்குக் கொண்டுபோனார்கள். 2025 ஜூலை 11 அன்று வந்தது. 2009 டிசம்பருக்குப் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து தந்த முதல் ஆல்பம். ஒரு வெர்ஸுக்காக லேபிளையே மாற்றியதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த வெர்ஸ் இல்லாமல் ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் இந்த மரியாதை அதற்கு இருந்திருக்காது.

லில் வெய்னின் 'கார்ட்டர் 5' இன்னொரு ரகம். 2014 டிசம்பர் 9 என்று தேதி. சில நாள் முன்னால், லேபிள் வெளியிட மறுக்கிறது என்று வெய்னே எழுதினார். 2015 ஜனவரியில் 5.1 கோடி டாலர் வழக்கு. 2018 ஜூனில் சமாதானம், செப்டம்பர் 28-இல் ஆல்பம். கலைஞர் பெயரும் லேபிள் பெயரும் நீதிமன்றச் செய்தியில் சேர்ந்து வந்துவிட்டால் அந்த ஆல்பத்தின் தேதியை நாட்காட்டியிலிருந்து அழித்துவிடுங்கள். வழக்கு முடிந்த செய்தி வந்த பிறகு மறுபடி எண்ணத் தொடங்கலாம்.

* * *

லேபிள் இழுத்தடிப்பு எண்டால் எங்கட மாயாவை விட்டுட்டுப் பேச ஏலாது. எம்.ஐ.ஏ. எண்டு உலகம் அறிந்த மாதங்கி அருள்பிரகாசம்.

முதல் ஆல்பம் 'அருளர்', தகப்பன்ர பெயர். 2004-இல் வரவேண்டியது, சாம்பிள் அனுமதியால் 2005 மார்ச் வரைக்கும் இழுபட்டது. அந்த இடைவெளியில் டிப்லோவோட சேர்ந்து ஒரு மிக்ஸ்டேப்பை வெளியில விட்டு ஆக்களின்ர காதைத் தயார்ப்படுத்தி வைச்சார். 'கலா' 2007, தாயின்ர பெயர். அதின்ர முதல் பாட்டைக் கேட்டால் 'தளபதி' படத்து 'காட்டுக்குயிலு' தாளம் ஓடும். இளையராஜாவின்ர சத்தம் உலக ராப் ரசிகரின்ர காதுக்குப் போன வழி அது.

தேதிச் சண்டை பெரிசா வந்தது 'மாதங்கி'க்கு. 2012 கடைசியில் எண்டார்கள், பிறகு 2013 ஏப்ரல் எண்டார்கள், அதுவும் போச்சு. பாட்டுகள் அளவுக்கு மிஞ்சி நல்ல மனநிலையில இருக்கு எண்டு லேபிளுக்குக் குறையாம். 2013 ஆகஸ்டில் மாயா வெளிப்படையா எழுதினார்: இன்னும் இழுத்தால் நானே லீக் பண்ணிவிடுவன் எண்டு. உடனே நவம்பர் 5 எண்டு தேதி வந்தது, அந்தக் கிழமை ஆல்பமும் வந்தது. ஆல்பம் முடிஞ்சு கையில இருந்ததால்தான் அந்த மிரட்டல் எடுபட்டது. முடியாத ஆல்பத்தை லீக் பண்ணுவன் எண்டு ஒருவரும் வெருட்ட முடியாது தானே.

* * *

கலைஞர் தானே விடுவது வேறு, திருடி விடுவது வேறு. லீக் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

லீக் ஆல்பத்தைச் சீக்கிரம் கொண்டுவராது, மாற்றிவிடும். நாஸின் 'ஐ ஆம்' இரண்டு தட்டு ஆல்பமாகத் திட்டமிட்டது. எம்பி3 கோப்புகளாகப் பாட்டுகள் முன்பே கசிந்ததால், சிலவற்றை எடுத்துவிட்டு 1999-இல் ஒரே தட்டாக வந்தது. எமினெம் 2004-இல் 'என்கோர்' ஆல்பத்திலிருந்து கசிந்த பாட்டுகளைக் கூடுதல் தட்டுக்குத் தள்ளிவிட்டு, இடத்தை நிரப்ப அவசரமாகப் புதியவை எழுதினார். அந்த ஆல்பத்தில் பலரும் குறை சொல்லும் பாட்டுகள் அப்படி வந்தவைதான். கான்யேவின் 'யாண்டி' 2018 செப்டம்பர் 29, பிறகு நவம்பர் 23 என்று போய், கசிந்து, கடைசியில் வரவே இல்லை. 2019 அக்டோபர் 25-இல் 'ஜீசஸ் இஸ் கிங்' என்று வேறொன்று வந்தது. காசு சேர்த்துத் திருட்டுப் பாட்டு வாங்கும் கூட்டங்கள் தாங்கள் காத்திருக்கும் ஆல்பத்தைத் தாங்களே வெட்டுகிறார்கள்.

போலியும் ஏராளம். 'முழு ஆல்பம்' என்று ஜிப் கோப்பு வந்து, உள்ளே பாட்டுக்குப் பதில் இயக்கக் கோப்பு (.exe) இருந்தால் திறக்காமல் அழியுங்கள். முன்சேமிப்பு (ப்ரீ-சேவ்) பக்கம் என்று வந்து ஸ்பாட்டிஃபை கடவுச்சொல்லை அதே பக்கத்தில் கேட்டால் மூடிவிடுங்கள். உண்மையானது ஸ்பாட்டிஃபையின் சொந்தப் பக்கத்துக்குத்தான் அனுப்பும். ஆல்பம் வந்த பிறகு உங்கள் கணக்கின் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் அந்த அனுமதியை நீக்குங்கள். நீக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.

கலைஞரின் பக்கத்திலேயே போலிப் பாட்டு ஏறுவதும் உண்டு. பெயர் ஒத்துப்போனால் கணினி தவறான பக்கத்தில் சேர்த்துவிடும். பாட்டின் அடியில் இருக்கும் லேபிள் வரியைப் பாருங்கள். பெரிய லேபிள் கலைஞரின் பாட்டுக்குக் கீழே வெறும் எண்களோ யாரோ ஒருவரின் பெயரோ இருந்தால் அது அவருடையது இல்லை.

ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. ஆடாசிட்டி இலவச மென்பொருள். கோப்பைத் திறந்து, டிராக் பெயரைச் சொடுக்கி 'ஸ்பெக்ட்ரோகிராம்' தேர்ந்தெடுங்கள், மேல் எல்லையை 22,050 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். ஸ்டுடியோவிலிருந்து வந்த இழப்பில்லாத கோப்பு என்கிறார்கள், ஆனால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் கறுப்பு என்றால், அது 128 கிலோபிட் எம்பி3-யைப் பெரிய பெட்டியில் போட்டுத் தந்தது. 320 என்றால் வெட்டு 20 வாக்கில் இருக்கும். ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பழைய எஸ்பி-1200 கருவியில் செய்த பீட் என்றால் அது ஒலியைப் பதியும் வேகமே 26.04 கிலோஹெர்ட்ஸ், அதனால் சாம்பிள் மங்கலாகத்தான் ஒலிக்கும். குரலில் 'ஸ்' ஒலிக்கும் இடத்தைப் பாருங்கள். அந்த இடத்தில் கோடு மேலே வரை எழ வேண்டும். அங்கேயும் வெட்டு என்றால் கோப்பு போலி.

2023 ஏப்ரலில் டிரேக், தி வீக்கெண்ட் ஆகிய பாடகர்களின் குரலில் செயற்கை நுண்ணறிவு பாடிய பாட்டு லட்சக்கணக்கானவர்களிடம் போனது. மூச்சு இழுக்கும் சத்தத்தைக் கவனியுங்கள். நீண்ட வரிக்குப் பிறகு மூச்சே இல்லாமல் அடுத்த வரி தொடங்கினால் சந்தேகப்படலாம்.

* * *

வந்த பிறகும் மாறிய ஆல்பம் பற்றிச் சின்னதாக. கான்யேவின் 'தி லைஃப் ஆஃப் பாப்லோ' 2016 பிப்ரவரி 14-இல் டைடல் என்ற இசைச் செயலியில் வந்தது. அதன் பிறகு 'வூல்வ்ஸ்' பாட்டு மாறியது, அதிலிருந்து ஒரு பகுதி தனிப் பாட்டானது, ஜூனில் 'செயின்ட் பாப்லோ' கூடியது. செயலியில் தரவிறக்கி வைத்திருந்தாலும் பாட்டு மாறும்போது உங்களிடம் உள்ளதும் மாறிவிடும். முதல் வடிவம் வேண்டுமென்றால் வெளியான நாளிலேயே காசு கொடுத்துக் கோப்பாக வாங்கி வைப்பதுதான் வழி.

* * *

நாஸ், டிஜே பிரீமியர் சேர்ந்த ஆல்பத்தை யாரும் தொடவில்லை. 2006-இல் ஸ்க்ராட்ச் பத்திரிகை அட்டையில் இருவரும் சேர்ந்து நின்று சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு பேட்டியிலும் "கண்டிப்பா வரும்" மட்டும்தான். ஒரு பாட்டின் கோப்புகூட எங்கேயும் ஏறவில்லை. அந்த வருடங்களில் நம்பியது நம் ஆசையை மட்டும்தான்.

மாறியது 2024 ஏப்ரலில். நாஸின் முதல் ஆல்பமான 'இல்மேட்டிக்' வந்து 30 ஆண்டு ஆனபோது இருவரும் ஒரு புதுப் பாட்டை முறையாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு நாஸின் மாஸ் அப்பீல் நிறுவனம் ஏழு ஆல்பங்களின் வரிசையை அறிவித்தது. ஸ்லிக் ரிக், ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ், மாப் டீப், பிக் எல், டி லா சோல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஏழாவதாக 'லைட்-இயர்ஸ்', 2025 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. குளிர்கால நேரம் என்பதால் நியூயார்க் நள்ளிரவுக்கு நம் கணக்கு காலை 10.30.